ஈயக் குண்டா, செம்புக் குண்டா? குவாசுலு-நடால் வேட்டைக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கங்களில் ஆண்களின் பேச்சு மாறிவிடும். யாருக்கு எந்தப் பண்ணையில் இடம் கிடைத்தது, நியாலா மானுக்கு எவ்வளவு கட்டணம், இம்பாலா மான் எத்தனை சுடலாம் என்று ஆகஸ்ட் வரை இதே பேச்சுதான். இறைச்சி வீட்டுக்கு வந்த பிறகு சமையலறையிலும் சில கேள்விகள் எழுகின்றன. இரண்டு இடத்துக் கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். வேட்டை சரியா தவறா என்ற வழக்கை இதில் எடுக்கவில்லை. நானும் வேட்டைக்குப் போகிறவன்தான். ஈயக் குண்டின் துகள்கள் பறவைகளுக்கும் நம் சாப்பாட்டுக்கும் செய்யும் கேட்டையும், செம்புக்கு மாறுவதையும் பற்றி மட்டும் பேசுவோம்.

தோட்டாவின் நுனியில் செம்பு நிறம்தானே தெரிகிறது? ஈயம் எங்கே இருக்கிறது?

தெரிவது மேலுறை. வழக்கமான வேட்டைக் குண்டு ஒன்றில் மெல்லிய செம்பு உறைக்குள் காரீயம் நிரம்பியிருக்கும். மூக்குப் பக்கம் கொஞ்சம் ஈயம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைத்தான் 'சாஃப்ட் பாயிண்ட்' என்கிறோம். 'பாண்டட்' என்று எழுதியிருந்தால் ஈயத்தை உறையோடு இறுக ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதுவும் ஈயக் குண்டுதான், சிதறுவது குறைவு, அவ்வளவே. முழுக்கச் செம்பிலோ பித்தளையிலோ கடைந்தெடுத்த ஒற்றை உலோகக் குண்டுதான் ஈயமற்றது. அமெரிக்காவின் பார்ன்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியிலேயே இத்தகைய செம்புக் குண்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் தென்னாப்பிரிக்காவிலேயே பெரெக்ரின், ஜி.எஸ். கஸ்டம் போன்ற பெயர்களில் செய்கிறார்கள்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பைக் காட்டி ஒரு பாட்டி பதறியதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அது வெள்ளீயம், வேறு உலோகம். தூக்கி எறிய வேண்டாம்.

குண்டு விலங்கின் உடலுக்குள் போனதும் என்ன ஆகிறது?

முழுப் பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. 308 ரகத் துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஈயம் மிக மென்மையான உலோகம். அந்த வேகத்தில் தோலையும் விலா எலும்பையும் மோதியதும் மூக்கு மலர்ந்து, ஓரங்கள் பிய்ந்து, பெரிய துண்டுகளாகவும் கண்ணுக்கே தெரியாத பொடியாகவும் சிதறுகிறது. குண்டின் எடையில் கணிசமான பங்கு இப்படி உடலுக்குள்ளேயே தங்கிவிடும்.

2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஈயக் குண்டால் சுடப்பட்ட 30 மான்களைக் குடல் எடுத்த பிறகு எக்ஸ்-ரே பிடித்தார்கள். ஓர் உடலில் சராசரியாக 136 உலோகத் துகள்கள் தெரிந்தன; அதிகபட்சம் 409. குடல் எடுத்த பிறகு என்பதை மறந்துவிடாதீர்கள். அதே ஆய்வுக் குழு அதற்கு முன்பு, வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்சென்ற 20 குடல் குவியல்களைப் படம் பிடித்திருந்தது. அவற்றில் 18இல் துகள் இருந்தது.

எக்ஸ்-ரே படத்தை நேரில் பார்த்தால் சொல்லே தேவைப்படாது. குண்டு போன பாதை ஒரு கோடாகத் தெரியும் என்று நினைப்போம். தெரிவதோ கருத்த பலகையில் சுண்ணாம்பை உதறியது போல விலாவெங்கும் வெள்ளைப் புள்ளிகள். காயம் இருக்கும் இடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, நல்ல சதை என்று நாம் தடவிப் பார்த்து மகிழும் இடத்திலும் புள்ளிகள் இருக்கும்.

செம்புக் குண்டு அப்படிச் சிதறுவதில்லை. மூக்கு நான்கைந்து இதழாக விரிந்து, ஏறக்குறைய முழு எடையோடு மறுபுறம் வெளியேறிவிடும். எப்போதாவது ஓர் இதழ் ஒடியும். ஒடிந்தாலும் அது ஈயம் இல்லை.

நாம் சுட்டது மானை. பாறுகளுக்கு இதில் என்ன சம்பந்தம்?

பிணந்தின்னிக் கழுகுகளைத்தான் பாறு என்கிறோம். மானைச் சுட்டு, குடலை எடுத்து, புதரோரம் தள்ளிவிட்டு வண்டியில் ஏற்றுகிறோம். அரை மணி நேரத்தில் வானத்தில் ஒரு பாறு வட்டமிடும். அது இறங்குவதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அடுத்தது என்று எங்கெங்கோ இருந்து வந்து சேரும். ஒரே குவியலை ஐம்பது பறவைகள் பங்கிட்டுக்கொள்ளும். அதாவது ஒரு தோட்டாவின் துகள்களை ஐம்பது பறவைகள் பங்கிட்டுக்கொள்ளும். அடிபட்டுத் தப்பியோடி மறுநாள் புதரில் செத்துக்கிடக்கும் விலங்கு இன்னும் மோசம். அதன் முழு உடலும் அவற்றுக்குத்தான்.

பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள கிருமிகளைக் கொல்வதற்காக இயற்கை கொடுத்த அந்த அமிலமே ஈயத்துகளையும் கரைத்து இரத்தத்தில் சேர்க்கிறது. உடல் ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேமித்து வைக்கிறது. இரத்தச் சிவப்பணு உருவாகத் தேவையான நொதியை ஈயம் முடக்குகிறது. நரம்பு தளர்கிறது. நோயுற்ற பறவையின் சிறகு தொங்கும், பச்சையாகக் கழியும், கழுத்துப்பை நிறைய இரை இருந்தும் அந்த இரை வயிற்றுக்குள் இறங்காது. பட்டினியில் சாகும் பறவையின் கழுத்துப்பை நிரம்பியிருப்பதைக் கண்டு குழம்பியவர்கள் உண்டு.

சாகாத பறவைக்கும் நிம்மதி இல்லை. கொஞ்சம் தடுமாறும் பறவை மின்கம்பியில் மோதும், வாகனத்தில் அடிபடும். இறப்புக் குறிப்பில் ஈயத்தின் பெயர் வராது.

கழுதைப்புலியும் நரியும் அதே குடலைத் தின்கின்றன. பறவைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கவலை?

அவற்றின் உடலிலும் ஈயம் சேரும். ஆனால் பாறு ஐந்தாறு வயதில்தான் இணை சேரும், ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். இப்படிப்பட்ட இனத்தில் ஆண்டுதோறும் கூடுதலாகச் சில வளர்ந்த பறவைகள் இறந்தாலே போதும், எண்ணிக்கை சரிந்துவிடும்.

இதெல்லாம் அமெரிக்காவில் நடந்தவை. நம் பகுதியில் ஆதாரம் உண்டா?

உண்டு. போட்ஸ்வானாவில் 566 வெண்முதுகுப் பாறுகளைப் பிடித்து இரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. பத்தில் மூன்று பறவைகளின் இரத்தத்தில் ஈயம் இயல்புக்கு மேல் இருந்தது. வேட்டைப் பருவத்தில் அளவு கூடியிருந்தது. வேட்டை நடக்கும் பகுதிகளிலும் கூடியிருந்தது. பெட்ரோல் புகையோ சுரங்கமோ காரணம் என்றால் அது மே மாதம் பார்த்து ஏறாது.

தென்னாப்பிரிக்காவில் பறவைகளின் இரத்தம், எலும்பு இரண்டையும் சோதித்திருக்கிறார்கள். கூட்டை விட்டு இன்னும் பறக்காத குஞ்சுகளிலும் ஈயம் கிடைத்தது. குஞ்சு எங்கும் போய்த் தின்னவில்லை. தாயும் தந்தையும் கொண்டுவந்து ஊட்டியதுதான்.

நம் கண்ணெதிரே இருப்பது டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் தாடிப் பாறு. தென்னாப்பிரிக்காவும் லெசோத்தோவும் பகிர்ந்துகொள்ளும் அந்த மலைகளில் எஞ்சியிருப்பவை சுமார் 100 இணைகள். எலும்பை உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் பறவை அது. அதன் எலும்பிலும் ஈயம் கண்டறியப்பட்டிருக்கிறது.

அமெரிக்கக் கதையை ஒதுக்கிவிடவும் முடியாது. கலிஃபோர்னியா கண்டோர் எனும் பெரும் பாறு இனம் 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கியது. 1987இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வளர்த்து, பெருக்கி, மறுபடி விட்டார்கள். விட்ட பறவைகளை அதிகம் கொன்றது ஈயம். அந்த மாநிலம் 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை அடியோடு நிறுத்தியது. 2022இல் வெளியான இன்னொரு ஆய்வில் 38 மாநிலங்களின் 1,210 கழுகுகளைச் சோதித்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பறவைகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நச்சு இருந்தது.

பாறுகளைக் கொல்வது விஷமும் மருந்து வியாபாரமும் என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். 2019 ஜூனில் போட்ஸ்வானாவின் வடபகுதியில், வேட்டைத் திருடர்கள் யானை உடல்களில் வைத்த விஷத்தால் 537 பாறுகள் ஒரே நிகழ்வில் இறந்தன. சுலுலாந்தில் நாட்டு மருந்துக்காகவும் பாறுகளைக் கொல்கிறார்கள். மின்கம்பிகள் வேறு. எண்ணிக்கையில் ஈயம் இவற்றுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் விஷம் வைப்பவனை நீங்களும் நானும் தடுக்க முடியாது. மின்வாரியக் கம்பியை நகர்த்த முடியாது. தோட்டாப் பெட்டியைக் கடையில் தேர்ந்தெடுப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. "அவன் அதிகம் கொல்கிறான்" என்பதை வைத்து நம் பங்கை நியாயப்படுத்துவது எனக்கு ஒவ்வவில்லை.

தமிழ்நாட்டில் மாட்டு மருந்தால் பாறுகள் அழிந்ததாகப் படித்தேன். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி மாடுகளுக்குப் போடப்பட்டது. அந்த மாடு செத்தால் அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் சில நாளில் செயலிழக்கும். 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் ஓர் இனம் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைக் காண நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். ஈயம் அவ்வளவு வேகமாகக் கொல்வதில்லை. மெல்ல மெல்லச் சேர்வதால் யாரும் கவனிப்பதும் இல்லை.

வீட்டில் இம்பாலா கறி சமைக்கிறோம். குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

செம்புக் குண்டால் சுடப்பட்டது என்றால் தயங்காமல் கொடுங்கள். ஈயக் குண்டு என்றால், சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பரிமாறாமல் இருப்பதே என் கருத்து.

உலகச் சுகாதார நிறுவனம் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்வதில்லை. வளரும் மூளையை அது பாதிக்கிறது. கற்கும் திறன், கவனம் இரண்டும் குறைகின்றன. இந்த நாட்டில் 2006இல் பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தியதே அதற்காகத்தான். காற்றிலிருந்து விரட்டியதை உறைபெட்டி வழியாக வீட்டுக்குள் அழைக்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன 30 மான் ஆய்வில் இறைச்சியைக் கசாப்புக் கடைகளில் கொடுத்து வெட்டிப் பொட்டலம் கட்டி வாங்கினார்கள். 30இல் 24 மான்களின் பொட்டலங்களில் துகள் இருந்தது. அந்த இறைச்சியைப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது இரண்டு நாளில் அவற்றின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. 2008இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் 700க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். காட்டு இறைச்சி உண்பவர்களுக்குச் சற்றே கூடுதலாக இருந்தது. யாரும் மயங்கி விழும் அளவுக்கு இல்லை. எனவே பீதி வேண்டாம். பெரியவர்கள் எப்போதாவது ஒரு தட்டு சாப்பிட்டதால் ஆபத்து என்று நான் சொல்ல மாட்டேன். வாரம் மூன்று நாள் கொத்துக்கறி சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கொத்துக்கறி என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காயத்தைச் சுற்றியுள்ள சதை, விலாச் சதை, தோள்பட்டைத் துணுக்குகள் எல்லாம் அரைவை எந்திரத்துக்குத்தான் போகின்றன. ஒரு மூலையில் இருந்த துகள் எல்லாப் பொட்டலத்திலும் கலந்துவிடும். வோர்ஸ் எனும் தொத்திறைச்சிக்கும் இதே கதிதான். பின்தொடையை முழுசாக எடுத்துச் செய்தது ஓரளவு பாதுகாப்பு.

கொதிக்க வைத்தால் போய்விடாதா?

போகாது. ஈயம் உருகவே 327 பாகை வேண்டும், நம் குழம்பு 100ஐத் தாண்டுவதில்லை. அதைவிடக் கவலை தருவது புளிப்பு. ஸ்பெயினில் ஈய ரவை (பறவை வேட்டைக்கான சிறு ஈய மணிகள்) பட்ட காடை இறைச்சியைப் பலவிதமாகச் சமைத்துப் பார்த்தபோது, வினிகர் சேர்த்த சமையலில் உடல் உறிஞ்சக்கூடிய ஈயம் கூடியது. பில்டாங் எனும் உலர் இறைச்சி செய்ய, சதையை வினிகரில் ஊறவைத்து, உப்பும் மிளகும் வறுத்த தனியாவும் தடவித்தான் தொங்கவிடுகிறோம். நம் குழம்பில் புளியும் தக்காளியும் இல்லாமல் இருக்காது. அவற்றை யாரும் தனியாகச் சோதித்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அமிலம் அமிலம்தான்.

காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டால்?

குறையும், தீராது. நம்மில் பலர் இரத்தம் கட்டிய சதையை மட்டும் நான்கு விரல்கடை அகலத்துக்கு வெட்டி எறிகிறார்கள். துகள்கள் ஒரு சாணுக்கும் அப்பால் போவதை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆட்டு உடல்களைச் சுட்டுக் காட்டியிருக்கிறார்கள். அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது: உடலின் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் துகள்கள் அடித்துக்கொண்டு போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஈயக் குண்டுதான் என்றால் ஒரு சாணுக்கு மேல் வெட்டுங்கள், கழுவுவதற்குப் பதில் துடையுங்கள், அந்தச் சதையை அரைக்காதீர்கள்.

வெட்டி எறிந்தது எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். தொடையும் முதுகுச் சதையும் நம் குளிர்ப்பெட்டியில் ஏறிவிடுகின்றன. குடல், ஈரல், நுரையீரல், இரத்தம் கட்டிய தோள்பட்டை பெரும்பாலும் பண்ணைத் தொழிலாளர்களுக்குப் போகின்றன. நெஞ்சில் பட்ட குண்டின் துகள்கள் அதிகம் தங்கும் இடங்கள் அவையே. கொடுப்பவர் தர்மம் என்று கொடுக்கிறார், வாங்குபவர் நன்றியோடு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். கரும்புத் தோட்டத்தில் எசமான் ஒதுக்கியதை உண்டு வளர்ந்த பரம்பரை நம்முடையது. இதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சத்தை நாய்க்குப் போடுவதும் அப்படியே. வேட்டை வீட்டு நாய்களின் இரத்தத்திலும் ஈயம் ஏறும்.

ஈயத்தோடு வேட்டையாடியே தீர வேண்டும் என்றால் அந்தக் கழிவை ஆழப் புதையுங்கள், அல்லது எரியுங்கள். கழுதைப்புலி தோண்ட முடியாத ஆழம் வேண்டும். குளிர்காலத்தில் காய்ந்து இறுகிய மண்ணில் அதைத் தோண்டிப் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டு செம்புக்கு மாறிவிடுவார்கள்.

என் மாமா முப்பது ஆண்டுகளாக ஈயத்தில் சுடுகிறார். செம்பு ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடும், விலங்கு விழாது என்கிறார்.

மாமா சொல்வது ஒரு காலத்தில் உண்மை. முதல் தலைமுறைச் செம்புக் குண்டுகள் சில நேரம் மலராமல் ஊடுருவிப் போயின. இன்று மூக்கில் குழிவிட்டு, சில ரகங்களில் பித்தளை ஆப்பு அல்லது நெகிழி முனை வைத்து, மலர்வதை உறுதி செய்கிறார்கள். டென்மார்க்கில் 600க்கும் மேற்பட்ட மான் வேட்டைகளைக் கணக்கெடுத்து ஒப்பிட்டபோது, குண்டு பட்ட பின் விலங்கு ஓடிய தூரத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

வேறுபாடு இருக்கும் இடம் வேகம். பெரும்பாலான செம்புக் குண்டுகள் மலர வினாடிக்கு ஏறத்தாழ 550 முதல் 600 மீட்டர் வேகமாவது தேவை. குவாசுலு-நடாலின் முட்புதர்க் காடுகளில் நாம் சுடுவது பெரும்பாலும் 150 மீட்டருக்குள். அங்கே இது பிரச்சினையே இல்லை. கரூ எனும் வறண்ட நிலத்தின் வெட்டவெளியில் ஸ்பிரிங்பாக் மானை 350 மீட்டரில் சுடுகிறவர் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: செம்பு எலும்பில் பட்டால் நன்றாக வேலை செய்யும். விலாவுக்கு இடையில் நுழையும்படி பின்னால் தள்ளிச் சுடும் பழக்கம் உள்ளவர்கள் தோள்பட்டையை ஒட்டிச் சுடட்டும். இறைச்சி வீணாகும் என்று பயப்பட வேண்டாம். ஈயம் தோள்பட்டையைக் கூழாக்குவது போலச் செம்பு ஆக்குவதில்லை. குண்டுத் துளையின் ஓரம்வரை சாப்பிடலாம் என்று எங்கள் கூட்டத்தில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யில்லை.

துப்பாக்கியை மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. செம்பு ஈயத்தைவிட எடை குறைந்தது. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராம். அதனால் அதே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டை நிலையாகச் சுழற்ற உங்கள் குழாயின் உட்புறத்தில் வெட்டியிருக்கும் புரிவரி (சுழல் வரிகள்) போதாமல் போகலாம். தீர்வு எளிது: 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈயம் போட்டவர்கள் 150 அல்லது 165 கிரெய்ன் செம்பு போட்டுப் பாருங்கள். வேகம் கூடும், குண்டும் நீளாது.

முதலில் குழாயில் படிந்திருக்கும் பழைய செம்புக் கறையைக் கரைப்பான் போட்டு நன்றாகத் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நான்கு குண்டு சுட்டுவிட்டு "செம்பு கண்டபடி அடிக்கிறது" என்று தீர்ப்பு எழுதியவர்களே அதிகம். இரண்டு மூன்று ரகம் வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு விருப்பம் உண்டு. சுடுகளத்தில் குறிக்கண்ணாடியை மறுபடி சரிசெய்த பிறகே காட்டுக்குப் போங்கள்.

விலை அதிகமாயிற்றே?

மலிவான சாஃப்ட் பாயிண்டை விட அதிகம். நல்ல பாண்டட் குண்டுகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. பயிற்சிக்கு மலிவானது, வேட்டைக்குச் செம்பு என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு பயணத்தில் விலங்கின் மேல் சுடுவது எத்தனை தோட்டா? டர்பனிலிருந்து போங்கோலா வரை டீசலுக்குக் கொடுப்பதை ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டுத் தோட்டா விலையைப் பேசலாம்.

செம்பும் உலோகம்தானே? அது பறவையைக் கொல்லாதா?

செம்பு உடலுக்குச் சிறிதளவு தேவைப்படும் சத்து. மிஞ்சியதை உடல் வெளியேற்றும். கெஸ்ட்ரல் எனும் சிறு வல்லூறுகளுக்குச் செம்புத் துண்டுகளை ஊட்டிப் பார்த்த சோதனையில் பறவைகள் நோயுறவில்லை.

கினிக்கோழிக்கும் வாத்துக்கும் ரவைத் தோட்டா போடுகிறோம். அதற்கும் இது பொருந்துமா?

அங்கே பாதிப்பு வேறு வழியில் வருகிறது. இலக்கைத் தவறிய ரவைகள் சேற்றிலும் வயலிலும் விழுகின்றன. இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும் பறவைகள் ஈய ரவையைக் கல் என்று விழுங்கிவிடும். அமெரிக்கா 1991இலேயே நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை நிறுத்தியது. மாற்று, எஃகு ரவை. பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். எஃகு அந்தக் குழாய்களைச் சேதப்படுத்தக்கூடும். அவர்களுக்குப் பிஸ்மத் ரவை இருக்கிறது, விலைதான் கண்ணைக் கட்டும்.

22 ரகச் சிறு தோட்டாவுக்கு இன்னும் திருப்தியான மாற்று இல்லை. ஈயமற்றவை வந்திருக்கின்றன, ஆனால் குறி அவ்வளவு துல்லியமாக அமைவதில்லை.

தென்னாப்பிரிக்காவில் சட்டம் என்ன சொல்கிறது?

ரைஃபிள் வேட்டையில் ஈயக் குண்டுக்கு நாடு தழுவிய தடை இல்லை. இடம்பெயரும் விலங்கினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 2014 கீட்டோ மாநாடு, ஈயத் தோட்டாவைப் படிப்படியாகக் கைவிடும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நாமும் உறுப்பு நாடுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈய ரவையைத் தடுத்துவிட்டது. டென்மார்க் ரவையை 1996இலேயே நிறுத்தி, 2024 ஏப்ரலில் ரைஃபிள் குண்டையும் நிறுத்தியது. இங்கே பண்ணை உரிமையாளர் தம் நிலத்துக்குத் தாமே விதி போடலாம். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

பண்ணையில் பாறு உணவகம் இருக்கிறது. குடலை அங்கே கொண்டுபோய்ப் போடலாமா?

செம்பால் சுட்டது என்றால் அதைவிட நல்ல காரியம் இல்லை. பாறுகளுக்குப் பாதுகாப்பான இரை கிடைப்பதற்காகவே ஜயன்ட்ஸ் காசில், ஒரிபி பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் இவற்றை நடத்துகிறார்கள். ஈயத்தால் சுட்டதை அங்கே போட்டால், நல்ல உணவு என்று நம்பிக் கூடும் மொத்தக் கூட்டத்துக்கும் நாமே நஞ்சு பரிமாறியதாக ஆகும்.

பலர் தவறவிடும் ஒன்று: கால் ஒடிந்த மாட்டையோ குதிரையையோ நெற்றியில் 22 தோட்டாவால் சுட்டு, உடலை உணவகத்துக்கு அனுப்புகிறார்கள். தலையைக் கழுத்தோடு வெட்டிப் புதைத்துவிட்டு மீதியை அனுப்ப வேண்டும். வலிநிவாரணி ஊசி போட்ட மாட்டை அனுப்பவே கூடாது.

நான் வேட்டைக்குப் போவதில்லை, கடற்கரையில் தூண்டில் போடுகிறவன். எனக்கும் இதில் ஏதாவது உண்டா?

உண்டு, ஒருவேளை வேட்டைக்காரரைவிட அதிகமாகவே. சார்டின் மீன் கூட்டம் வரும் ஜூன், ஜூலையில் எத்தனை வீட்டுக் கொல்லையில் பழைய பேட்டரி ஈயத்தையும் சக்கர எடைகளையும் உருக்கித் தூண்டில் குண்டு வார்க்கிறார்கள்! மேற்குக் கேப் மாகாணத்தின் மீனவ ஊர்களில் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தபோது, பெரும்பாலோரின் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. வீட்டிலேயே ஈயம் உருக்குவது அதற்கு ஒரு காரணம். அடுப்படியில் உருக்காதீர்கள், உருக்கிய சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கடையில் வார்த்ததை வாங்கிக்கொள்வது உத்தமம்.

போன ஆண்டு இறைச்சி உறைபெட்டியில் இருக்கிறது. புரட்டாசி முடிந்ததும் சமைக்கலாம் என்று வைத்திருக்கிறோம். என்ன செய்வது?

எந்தக் குண்டு என்று சுட்டவரிடம் கேளுங்கள். ஈயம் என்றால், முழுத் தொடையையும் முதுகுச் சதையையும் பெரியவர்கள் சாப்பிடலாம். தோள்பட்டை, விலா, கொத்துக்கறி, வோர்ஸ் பொட்டலங்களைக் கழித்துவிடுங்கள். நாய்க்கும் போட வேண்டாம், யாருக்கும் தானமாகவும் வேண்டாம்.

மீதமிருக்கும் ஈயத் தோட்டாக்களை?

உரிமம் பெற்ற சுடுகளத்தில் மண்மேட்டை நோக்கிச் சுட்டுப் பயிற்சிக்குத் தீர்த்துவிடுங்கள். சுட்ட பிறகு சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உள்ளரங்கச் சுடுகளம் என்றால் காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் வைத்திருக்கலாம் என்ற பொது வரம்பு இருப்பதால், பழையதைத் தீர்த்தால்தான் புதிய ரகங்களைச் சோதிக்கவும் இடம் கிடைக்கும். ஏப்ரலிலேயே இதை முடித்துக்கொள்ளுங்கள். மே முதல் வாரத்தில் கடைக்குப் போனால் உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்த செம்புத் தோட்டாவை வேறொருவர் வாங்கிப் போயிருப்பார்.